முளைகட்டாத கோதுமையும் ஒரு பால்காரரும்

இந்த எபிசோட் ஒரு அடைப்பில் இருந்து தொடங்குது. சாக்கடை அடைப்பு இல்லை, பாத்திர அடைப்பு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நான் சொல்லப்போறது பெல்ஜியத்தில் நடந்தது. அங்கே சொந்த உபயோகத்துக்கு, விற்காமல், வீட்டில் பியர் காய்ச்சலாம். இதைக் கேட்டுட்டு குக்கரை எடுத்துறாதீங்க. இது ஒரு வரலாற்று எபிசோட், அவ்வளவுதான்.

வேலை விஷயமாக லூவன் நகரத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட பெல்ஜியப் பையன் வார இறுதிகளில் பியர் காய்ச்சுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை "இன்னைக்கு வெள்ளை பியர் போடலாம், நீயும் வா" என்றான். வெள்ளை பியர்னா, வெளிர் மஞ்சளா, கலங்கலா, மேலே கெட்டி நுரையோடு வரும் கோதுமை பியர். அதில் கொத்தமல்லி விதை போடுவாங்க, காய்ந்த ஆரஞ்சுத் தோல் போடுவாங்க. நம்ம மளிகைக் கடைத் தனியாவேதான்.

கோதுமையை உடைக்கிற வேலை எனக்கு. இரண்டேகால் கிலோ. சாதாரண கோதுமை, முளைகட்டாதது. ஒரு மணியைக் கடித்துப் பார்த்தேன், பல் போயிடும் போல இருந்தது. பக்கத்தில் இருந்த பார்லி மால்ட்டைக் கடித்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. சரி, கோதுமை கடினமா இருக்கே, நல்லா அரைச்சா நல்லதுதானேன்னு நினைச்சு, மசாலா அரைக்கிற சின்ன மெஷினில் போட்டு மொத்தத்தையும் மாவாக்கிவிட்டேன். ஆட்டா மாவு மாதிரி நைசாக.

அதை மால்ட்டோடு சேர்த்து, வெந்நீரில் கொட்டி, ஒரு மணி நேரம் வைத்து, அடியில் இருந்த குழாயைத் திறந்தோம். ஒரு சொட்டு வரலை. பாத்திரம் முழுக்க பசை. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கோ அந்தப் பசையைப் பார்த்ததும் ஊர் ஞாபகம். எங்களுக்குத் திருநெல்வேலி. ஆச்சி அல்வா கிண்டும்போது, ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பால் எடுத்துக் கொதிக்கவிட்டதும் முதலில் இப்படித்தான் இறுகும்.

அப்போ எனக்குள் எழுந்த கேள்விதான் இந்த எபிசோட். கடையில் முளைகட்டிக் காயவைத்த கோதுமை மால்ட்டே பாக்கெட்டில் கிடைக்குது. அதுல இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அப்படி இருக்கும்போது, ஒரு நாட்டுக்காரங்க நூற்றாண்டுகளா இந்த முரட்டுக் கோதுமையையே ஏன் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க?

முதல்ல கொஞ்சம் அறிவியல்

தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதை நேரடியாகச் சாப்பிட முடியாது, அதற்குச் சர்க்கரை வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுவது நொதிகள், அதாவது என்சைம்கள். தானியம் முளைக்கும்போது அந்த நொதிகள் பெருகும், மணிக்குள் இருக்கிற செல் சுவர்களும் இளகும். முளைத்ததைக் காயவைத்து, வேரை உதிர்த்தால் அதுதான் மால்ட். நம்ம வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற ராகி மால்ட்டோட அடிப்படையும் இதுதான்.

முளைகட்டாத கோதுமையில் மாவுச்சத்து நிறைய உண்டு. ஆனால் வெட்டும் நொதிகளில் முக்கியமான ஆல்பா அமைலேஸ் அநேகமாக இல்லை. அதனால் பார்லி மால்ட்டின் நொதிகளைக் கடன் வாங்க வேண்டும். அதற்கு முன் மாவுச்சத்து வெந்து இளகவேண்டும். கோதுமைக்கு அது ஏறக்குறைய 58 முதல் 64 டிகிரி செல்சியஸில் நடக்கும்.

இன்னொரு சிக்கல், உமி. பார்லியின் உமி உடைத்த பிறகும் தங்கும். அதுதான் பாத்திரத்தின் அடியில் இயற்கையான வடிகட்டியாகப் படியும். கோதுமைக்கு அந்த உமி கிடையாது. கூடவே பிசுபிசுப்பைத் தரும் பென்டோசான் வகைச் சத்துகளும் புரதமும் அதில் அதிகம். இதெல்லாம் சேர்ந்தால் பசை. ஆனால் அதே புரதம்தான் வெள்ளை பியரின் கலங்கலையும் நுரையையும் தருது. தொல்லையும் அழகும் ஒரே இடத்திலிருந்து வருது.

அடுத்த வாரம் அவன் சரியான முறையைக் காட்டினான். கோதுமையை மாவாக்காமல், ரவை பதத்துக்கு இரண்டு முறை உடைத்தோம். அதோடு கொஞ்சம் பார்லி மால்ட் சேர்த்து, வெந்நீரில் 65 டிகிரிக்கு மேல் கால் மணி நேரம் வைத்தோம். அந்த மால்ட் கஞ்சியைக் கொஞ்சம் நீர்க்கச் செய்தது. பிறகு அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருபது நிமிடம் கொதிக்கவிட்டோம். இன்னொரு பாத்திரத்தில் மீதி மால்ட்டும் ஒரு பிடி ஓட்ஸும் 50 டிகிரியில் ஊறிக்கொண்டிருந்தன. கொதித்த கோதுமைக் கஞ்சியை அதில் ஊற்றினால் மொத்தமும் 65 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு துளி எடுத்து அயோடின் விட்டுப் பார்த்தோம். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து மிச்சம் இருக்கு, நிறம் மாறாவிட்டால் எல்லாம் சர்க்கரையாகிவிட்டது. எங்களுடையது மாறவில்லை. குழாயைத் திறந்ததும் தேன் நிறத்தில் ஒழுகியது.

வரி எழுதிய செய்முறை

இப்போ வரலாறு. கோதுமை பியர் என்றால் பலருக்கு ஜெர்மனிதான் ஞாபகம் வரும். பவேரியாவில் 1516ல் வந்த புகழ்பெற்ற சட்டம் பியருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான் என்றது. கோதுமை ரொட்டிக்கான தானியம். ஆனால் கோதுமை பியர் காய்ச்சும் உரிமை தனிச் சலுகையாகச் சிலருக்குக் கிடைத்தது. பிறகு 1602ல் அந்த உரிமை பவேரிய ஆட்சியாளர் முதலாம் மாக்சிமிலியன் கைக்கே வந்து, அரச கஜானாவுக்கு வருமானம் கொட்டியது. ஆனா ஒரு வித்தியாசம். ஜெர்மன் மரபில் கோதுமையை முளைகட்டித்தான் போடணும்.

இன்றைய பெல்ஜியப் பகுதியில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை. லூவனிலும், அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஹூகார்டன் என்ற சின்ன ஊரிலும் முளைகட்டாத கோதுமையைப் பாதிக்குப் பாதி வரைக்கும் சேர்த்தார்கள். காரணம் ரொம்ப எளிமை. சுற்றிலும் நல்ல கோதுமை வயல்கள். முளைகட்டுவதற்கு இடம், ஆள், விறகு, ஒரு வாரத்துக்கும் மேல் நேரம் எல்லாம் வேண்டும். அந்தச் செலவைப் பாதியாகக் குறைக்க முடிந்தால் யார் விடுவாங்க?

ஹூகார்டனுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. சுற்றிலும் பிரபாண்ட் பகுதி. ஆனால் ஹூகார்டன் மட்டும் 18ம் நூற்றாண்டின் இறுதி வரை லியேஜ் ஆயர் ஆட்சிக்கு உட்பட்ட தனித் தீவு மாதிரி. அதனால் பிரபாண்டின் வரிகள் அங்கே செல்லாது. அந்தக் காலத்தில் அந்தச் சின்ன ஊரில் 30க்கும் மேற்பட்ட பியர் ஆலைகள் இருந்தன.

பிறகு வந்தது 1822. அப்போ பெல்ஜியமும் நெதர்லாந்தும் மன்னர் முதலாம் வில்லியமின் கீழ் ஒரே நாடு. அந்த வருடச் சட்டம் பியர் வரியை ஒரு விசித்திரமான அளவுகோலில் வைத்தது. எவ்வளவு பியர் விற்றாய் என்று கேட்கவில்லை. எவ்வளவு தானியம் போட்டாய் என்றும் கேட்கவில்லை. தானியத்தை ஊறவைக்கிற மேஷ் தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு என்று கேட்டது. தொட்டி பெரிதென்றால் வரி அதிகம்.

நம்ம ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு இது உடனே புரியும். எதை அளக்கிறாங்களோ, அதைச் சுற்றித்தான் எல்லாரும் ஆப்டிமைஸ் பண்ணுவாங்க. சர்வர் எண்ணிக்கைக்குக் காசு வாங்கினா, ஒரே சர்வரில் எல்லாத்தையும் திணிப்போம். அவங்களும் அதையேதான் செஞ்சாங்க. சின்னத் தொட்டியில் தானியத்தை வாய் வரைக்கும் நிரப்பினார்கள். முளைகட்டாத கோதுமை மால்ட்டைவிட அடர்த்தியானது. அதே இடத்தில் அதிக எடை பிடிக்கும். அதனால் கோதுமைக்கு இன்னும் மவுசு.

ஆனால் அப்படித் திணித்த தொட்டியில் வெந்நீர் ஊற்ற இடம் எங்கே? இங்கேதான் அவங்க மூளை. நீண்ட பின்னல் கூடைகளை அந்தக் கெட்டிக் கூழுக்குள் அமுக்குவார்கள். கூடைக்குள் கலங்கலான நீர் ஊறி நிற்கும். அதை மொண்டு எடுத்துக் கொதிகலனில் ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். காலியான இடத்தில் இன்னும் சூடான நீரை ஊற்றுவார்கள். திரும்ப மொள்ளுவது, திரும்ப ஊற்றுவது. கொதித்த கலங்கல் நீர் கடைசியில் தொட்டிக்கே திரும்பும். அந்தக் கலங்கல் நீர் பார்க்க அப்படியே கோதுமைப் பால்தான். அல்வாவுக்கு எடுக்கிறோமே, அதே நிறம், அதே கனம்.

பெல்ஜியப் பியரின் ருசியே வரியால் உருவானது என்று சிலர் ஒரே வரியில் சொல்லிடறாங்க. அது முழு உண்மை இல்லை. முளைகட்டாத கோதுமையைப் போடும் பழக்கம் 1822க்கு முன்பே இருந்தது. சட்டம் அதை இறுக்கிப் பிடித்தது, அவ்வளவுதான். 1830ல் பெல்ஜியம் தனிநாடான பிறகும் அந்த வரிமுறை தொடர்ந்தது. 1885ல் வந்த சட்டம்தான் தானியத்தின் எடைக்கு வரி கட்டும் வழியைத் திறந்துவிட்டது. ஆக, ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தொட்டி அளவே எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1851ல் லகாம்ப்ர் என்பவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய பெரிய நூலில் பெல்ஜிய ஊர்களின் பியர் முறைகளை ஊர் ஊராக விவரிக்கிறார். லூவன் வெள்ளை பியரும் அதில் உண்டு.

இந்தக் கலங்கல் முறை இன்றும் உயிரோடு இருக்கும் இடம் பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பியர். அதில் 30 முதல் 40 சதவீதம் முளைகட்டாத கோதுமை. கொதிக்கவைப்பதால் நொதிகள் செத்துப்போய், மாவுச்சத்தின் பெரிய துண்டுகள் வெட்டுப்படாமல் மிஞ்சும். லாம்பிக்கில் ஈஸ்ட்டைச் சேர்க்க மாட்டார்கள், காற்றிலும் மரப் பீப்பாயிலும் இருப்பது தானாக வந்து சேரும். அந்த மெதுவான நுண்ணுயிர்கள் ஒன்றிரண்டு வருடங்கள் சாப்பிட அந்த மிச்சம்தான் தீனி. வரி போய்விட்டது. ஆனால் அந்த முறை வேறு ஒரு காரணத்துக்காக நிலைத்துவிட்டது.

கடைசி ஆலை மூடிய பிறகு

லாம்பிக் பிழைத்தது. வெள்ளை பியருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1842ல் பில்சன் நகரத்தில் பிறந்த பொன்னிறத் தெளிந்த லாகர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. முதல் உலகப் போரில் ஜெர்மன் படை பெல்ஜிய ஆலைகளின் செம்புக் கொதிகலன்களைப் பிடுங்கிக்கொண்டு போனது. 1900 வாக்கில் 3000க்கும் மேல் இருந்த பெல்ஜிய ஆலைகள், இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஆயிரத்துக்கும் கீழே. 1957ல் ஹூகார்டனின் கடைசி வெள்ளை பியர் ஆலையான டோம்சின் கதவைச் சாத்தியது.

ஒரு ஊரின் பியர் அன்றோடு முடிந்தது. கோதுமை இருந்தது, பார்லி இருந்தது, கொத்தமல்லி இருந்தது. செய்கிறவர்கள்தான் இல்லை.

இப்போ வர்றார் நம்ம ஹீரோ, பியேர் செலிஸ். ஆமா, பேரே கிட்டத்தட்ட பியர்தான். 1925ல் பிறந்தவர். தொழில், வீடு வீடாகப் பால் ஊற்றுவது. டோம்சின் ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், சின்ன வயதில் அங்கே போய்க் கூடமாட உதவி செய்தவர். ஆலை மூடிச் சில வருடங்கள் ஆன பிறகும் ஊர்க்காரர்களுக்கு அந்த பியரின் நினைப்பு போகவில்லை. செலிஸ் தன் வீட்டு லாயத்துக்கு மேலே வைக்கோல் போடும் பரணில் காய்ச்ச ஆரம்பித்தார். 1966ல் ஹூகார்டன் பியர் திரும்ப வெளியே வந்தது. முளைகட்டாத கோதுமை, பார்லி மால்ட், கொஞ்சம் ஓட்ஸ், கொத்தமல்லி, குராசாவ் ஆரஞ்சுத் தோல். ஆலைக்கு வைத்த பெயர் 'டி க்ளாய்ஸ்', அதாவது துறவியின் குடில்.

யோசிச்சுப் பாருங்க. அவர் பட்டம் வாங்கிய பியர் நிபுணர் இல்லை, பால்காரர். ஆனால் சின்ன வயதில் அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்றிருக்கிறார். கூழ் எந்தப் பதத்தில் இருக்கும், அதிலிருந்து என்ன வாசனை வரும் என்று பார்த்திருக்கிறார். பொருள் பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். என் கையிலும் அன்று சரியான பட்டியல்தான் இருந்தது. பசைதான் வந்தது.

வியாபாரம் வளர்ந்தது. பரண் போதாமல், பழைய குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றை வாங்கினார். 1985ல் அங்கே பெரிய தீ விபத்து. திரும்பக் கட்டுவதற்குப் பணம் கொடுத்து உள்ளே வந்தது, பின்னாளில் இன்டர்ப்ரூ ஆன பெரிய பியர் நிறுவனம். பெரிய சந்தைக்கு ஏற்ற மாதிரி செய்முறையை மாற்றச் சொல்லி அழுத்தம் வந்தது என்று செலிஸ் பின்னாளில் சொன்னார். கடைசியில் ஆலையை அவர்களுக்கே விற்றுவிட்டார்.

அறுபது வயதைத் தாண்டியவர். காசு கையில் இருக்கு. நிம்மதியா ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் அவர் அமெரிக்காவுக்குப் போனார். 1992ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் புது ஆலை தொடங்கினார். டெக்சாஸ் கோதுமையைப் போட்டு, இதுதான் அசல் ஹூகார்டன் செய்முறை என்று சொல்லிக் காய்ச்சினார். பெயரை விற்றுவிட்டதால் அதை 'ஹூகார்டன்' என்று அழைக்க முடியாது. 'செலிஸ் ஒயிட்' என்றார். பிறகு அதுவும் மில்லர் என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய், சில வருடங்களில் மூடப்பட்டது. 2011 ஏப்ரலில் பெல்ஜியத்தில் காலமானார்.

பெல்ஜியத்தில் அந்தப் பெயர் என்ன ஆனது? 2005ல், அதற்குள் இன்பெவ் ஆகிவிட்டிருந்த அதே நிறுவனம் ஹூகார்டன் ஆலையை மூடி, உற்பத்தியை லியேஜ் பக்கத்தில் உள்ள ஜூபில் ஆலைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. ஊரே தெருவுக்கு வந்து எதிர்த்தது. 2007ல் முடிவை மாற்றிக்கொண்டார்கள். தேவை கூடியிருந்தது ஒரு காரணம். அதே தரத்தை ஜூபிலில் கொண்டுவருவது லேசாக இல்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. ஹூகார்டன் இன்றும் ஹூகார்டனில் காய்ச்சப்படுகிறது.

பதம்

இந்தக் கதை என்னை ஏன் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்றேன். லூவனில் என் வேலையே ஒரு பழைய சிஸ்டத்தைப் புதுசுக்கு மாற்றுவதுதான். அதை எழுதிய பெரியவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். டாக்குமென்ட் இருநூறு பக்கம் இருந்தது. எங்க டீமில் எல்லாரும், நானும் சேர்த்துத்தான், "டாக்குமென்ட் இருக்கே, அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்று இருந்தோம்.

அந்தப் பசை ஞாயிறுக்கு அடுத்த நாள் அவர் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். "இதை ஏன் இப்படி எழுதினீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டாக்குமென்டில் இல்லாத பதில்கள் நிறைய வந்தன. எப்போதோ ரத்தான ஒரு விதிக்காக எழுதிய கோடு, இன்று வேறு எதையோ தாங்கிக்கொண்டிருந்தது. 1822ன் தொட்டி மாதிரியே. நாங்க அதைத் தேவையில்லைன்னு நீக்கப்போற லிஸ்ட்ல வச்சிருந்தோம்.

ஊருக்கு வந்த பிறகு செய்த முதல் வேலை, ஆச்சி பக்கத்தில் அடுப்படியில் உட்கார்ந்தது. கையில் நோட்டு, தெர்மாமீட்டர். "எத்தனை நிமிஷம் கிண்டணும் ஆச்சி? எத்தனை டிகிரி?" என்றேன்.

ஆச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நிமிஷமாவது ஒண்ணாவது. கரண்டிய இழுக்கும்போது சட்டிய விட்டுட்டு வரும்லா, அதாம்ல பதம். எழுதி என்ன செய்யப்போறே? இந்தா, நீ கிண்டு."

கரண்டியை வாங்கிக்கொண்டேன். முக்கால் மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலி. இரண்டு முறை "வந்துட்டுதா ஆச்சி?" என்று கேட்டேன், இரண்டு முறையும் "இல்ல" என்றாள். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை. கரண்டி லேசாக வந்தது. ஆச்சி அடுப்பை அணைத்தாள்.

அவ்வளவுதான் மக்களே இந்த எபிசோட். உங்க வீட்டுல அளவு எழுதாத சமையல் ஏதாவது இருந்தா, இந்த வாரம் போய்ப் பக்கத்துல நில்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.